தறிச் சத்தத்துக்கு நடுவுல ஒரு கிட்டார்: கை, குரல், ரெக்கார்டிங்

போன செமஸ்டர் லீவுல நடந்தது. கல்ச்சுரல்ஸ் சோலோ பிரிவுக்கு, கிட்டார் வாசிச்சுக்கிட்டே ஒரு பாட்டு பாடி ரெக்கார்ட் பண்ணி அனுப்பணும். எங்க ஊர் அம்மையார்குப்பம். திருத்தணி வட்டாரத்துல, ஆந்திர எல்லையை ஒட்டின நெசவு ஊர். கீழே விசைத்தறி, மேலே என் ரூம். கட்டில்ல உக்காந்து, போனை டேபிள் மேல சாய்ச்சு வச்சு, நாலு டேக் எடுத்து, அதுல நல்லதா ஒண்ணைப் பொறுக்கி அப்பாகிட்ட பெருமையா போட்டுக் காமிச்சேன்.

அப்பா கண்ணை மூடி முழுசா கேட்டார். அப்புறம் சொன்னார்: "ரெண்டாவது தறியில பிக்கர் தேஞ்சிருக்குடா. சத்தம் மாறிடுச்சு. காலையில மாத்தணும்."

பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. "பாட்டு எப்படிப்பா இருக்கு?"ன்னு கேட்டேன். "தறி ஒரே சீரா ஓடுது. நீ ஒரு இடத்துல ஓடுற, ஒரு இடத்துல நிக்கிற. ரெண்டும் சேரலையே"ன்னார்.

அனுப்பினேன். தேர்வாகல. அப்போ என் கையில தார் சுத்திச் சேர்த்த காசு கொஞ்சம் இருந்தது. ஆன்லைன் கார்ட்ல ஒரு கண்டென்சர் மைக்கும் ரெடியா இருந்தது. 'மைக் நல்லா இருந்திருந்தா செலக்ட் ஆகியிருப்பேன்'னு ஒரு நினைப்பு. நல்ல வேளை, வாங்கல. அப்பா கண்டுபிடிச்ச ரெண்டு தப்பையும், அதாவது தறிச் சத்தத்தையும் தாளத்தையும், அந்த மைக் சரிபண்ணியிருக்காது. முதல் தப்பை இன்னும் தெளிவா பதிவு பண்ணிக் கொடுத்திருக்கும், அவ்வளவுதான்.

ஹாஸ்டல்ல பாதிப் பேர் கிட்டார் வச்சிருக்கோம். ஆசிரியர் வச்சுக் கத்துக்கிட்டவங்க கொஞ்சம் பேர்தான். மத்தவங்க எல்லாம் வீடியோ பாத்து நாலு கார்டு பிடிச்சவங்க. இந்தக் கட்டுரை அவங்களுக்கு. சொல்லவர்றது ஒண்ணுதான்: முதல்ல கை, அடுத்து குரல், அப்புறம் ரூம். காசு கடைசியில.

ரெக்கார்டிங் ஒரு கண்ணாடி

முதல் தடவை தன் குரலைக் கேக்கிற யாருமே 'இது நானா?'ன்னுதான் கேப்பாங்க. இதுக்கு ஒரு காரணம் இருக்கு. நாம பேசும்போது நம்ம குரல் ரெண்டு வழியா நம்ம காதுக்கு வருது. ஒண்ணு காத்து வழியா. இன்னொண்ணு மண்டை எலும்பு வழியா. எலும்பு வழியா வர்றதுல கீழ் அதிர்வெண்கள் தூக்கலா இருக்கும், அதனால நம்ம குரல் நமக்கு கனமா கேக்கும். ரெக்கார்டிங்ல காத்து வழிச் சத்தம் மட்டும்தான் இருக்கு. அந்த மெல்லிசான குரல்தான் ஊருக்கெல்லாம் தெரிஞ்ச உங்க குரல். ஒரு வாரம் தினம் கேட்டா பழகிடும். 'என் குரல் நல்லா இல்ல'ன்னு முதல் நாளே முடிவு கட்டாதீங்க.

ஒரு நிமிஷப் பாட்டை எப்படி வருதோ அப்படியே ரெக்கார்ட் பண்ணுங்க. அதை மூணு தடவை கேளுங்க. முதல் தடவை காலால தாளம் தட்டிக்கிட்டு, தாளத்தை மட்டும். ரெண்டாவது தடவை சுருதியை மட்டும். மூணாவது தடவை சத்தத்தோட தரத்தை மட்டும்: எதிரொலி, இரைச்சல், வார்த்தை புரியுதா இல்லையா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி எழுதி வைங்க. எல்லாத்தையும் ஒரே நேரத்துல கேட்டா, 'என்னமோ சரியில்ல'ங்கிறதைத் தாண்டி எதுவும் பிடிபடாது.

என் டேக்கை இப்படிக் கேட்டப்போ தெரிஞ்சது: ஒவ்வொரு கார்டு மாறும்போதும் அரை நொடி நிக்கிறேன், அதை ஈடுகட்ட அடுத்த வரியில ஓடுறேன். அப்பா சொன்னது அதேதான்.

வலது கை ஒரு நாடா

தறியில நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும், திரும்பி வரும். சாதா விசைத்தறியே நிமிஷத்துக்கு நூறுக்கு மேல ஊடை போடும். தார் தீர்ந்துபோய் நாடாவுல நூலே இல்லாட்டியும், தறி நிக்கிற வரைக்கும் நாடா போய்க்கிட்டுதான் இருக்கும். துணியில நூல் விழுதா இல்லையாங்கிறது வேற விஷயம், நாடாவோட ஓட்டம் வேற விஷயம்.

ஸ்ட்ரம்மிங்ல நூத்துக்கு தொண்ணூறு பேர் பண்ற தப்பு இங்கதான். அடிக்க வேண்டிய இடத்துல மட்டும் கையை அசைக்கிறாங்க, அடிக்காத இடத்துல கையை நிறுத்திடுறாங்க. கை நின்னா தாளமும் நிக்கும். சரியான வழி: கை எப்பவும் கீழே, மேலே, கீழே, மேலேன்னு ஒரே சீரா ஆடிக்கிட்டே இருக்கணும். சில ஆட்டத்துல பிக் கம்பியில படும், சிலதுல காத்துல போகும்.

எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பேட்டர்னை எடுத்துக்குவோம். ஒரு பாருக்கு நாலு பீட், ஒவ்வொரு பீட்டுக்கும் கீழே ஒண்ணு மேலே ஒண்ணு, மொத்தம் எட்டு அசைவு. கீழே போறதை 'கீ', மேலே வர்றதை 'மே', காத்துல போறதை 'ஓ'ன்னு வச்சா:

கீ ஓ | கீ மே | ஓ மே | கீ மே

காதுக்கு ஆறு அடிதான் கேக்கும். ஆனா கை எட்டு தடவை அசைஞ்சிருக்கணும். மூணாவது பீட்டோட தொடக்கத்துல இருக்கிற அந்த 'ஓ'வுலதான் எல்லாரும் தடுக்கி விழுவாங்க. அங்க கை கீழே போகுது, கம்பியைத் தொடல, அவ்வளவுதான். இதை வாயால சொல்லிக்கிட்டே, இடது கையால கம்பிகளை லேசா மூடி, 'சக் சக்'னு மட்டும் கேக்கிற மாதிரி பத்து நிமிஷம் அடிங்க. மெட்ரோனோம் ஆப்ல 60 வையுங்க. 'ரொம்ப மெதுவா இருக்கே'ன்னு தோணும். மெதுவா அடிக்கிறதுதான் கஷ்டம், ஏன்னா ரெண்டு தட்டுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியை நீங்களே அளக்கணும். 60ல ரெண்டு நிமிஷம் தடுக்காம வந்தா 65, அப்புறம் 70.

இன்னும் மூணு சின்ன விஷயம்.

ஒண்ணு, பிக்கை இறுக்கிப் பிடிக்காதீங்க. கீழே விழாத அளவுக்குப் பிடிச்சா போதும். ஸ்ட்ரம்மிங்குக்கு 0.5 முதல் 0.7 மில்லிமீட்டர் கனமுள்ள பிக் வளைஞ்சு கொடுக்கும். 1 மில்லிமீட்டருக்கு மேல போனா கம்பியில மாட்டும். அசைவு மணிக்கட்டுல இருக்கட்டும். முழங்கை கொஞ்சம் கூட வரலாம், தோள் வரக்கூடாது.

ரெண்டு, ஒவ்வொரு தடவையும் ஆறு கம்பியையும் அடிக்கத் தேவையில்ல. முதல் பீட்ல தடிச்ச கம்பிகள், நடுவுல நடுக்கம்பிகள், மேலே வரும்போது மெல்லிசான மூணு கம்பி. இதை மட்டும் செஞ்சாலே உங்க வாசிப்புல ஒரு பேஸ், ஒரு தாளம்னு ரெண்டு வாத்தியம் கேக்கும். எல்லாத்தையும் ஒரே பலத்துல அடிச்சா தகரம் தட்டுற மாதிரிதான் இருக்கும்.

மூணு, கார்டு மாறும்போது வலது கையை நிறுத்தாதீங்க. பாரோட கடைசி 'மே' அடிக்கும்போதே இடது கை கார்டை விட்டுட்டுக் கிளம்பலாம். அந்த அரை பீட்ல திறந்த கம்பிகள் ஒலிக்கும். வேகத்துல அது தப்பா கேக்காது. அடுத்த 'கீ'க்கு புது கார்டு தயாரா இருக்கணும், முக்கியம் அதுதான். ஒரு விரல் சரியா உக்காரலன்னாலும் பரவாயில்ல, போய்க்கிட்டே இருங்க. கேக்கிறவங்க தப்பு சுரத்தை மன்னிப்பாங்க, நின்னுபோன தாளத்தை மன்னிக்க மாட்டாங்க.

தகதிமி, தகிட, அப்புறம் திருத்தணி

நம்ம சினிமாப் பாட்டு எல்லாம் நாலுல போறதில்ல. ஏகப்பட்ட மெலடிகளும், கிராமத்துச் சாயல் உள்ள பாட்டுகளும் 6/8ல போகும். மேல சொன்ன நாலு பீட் பேட்டர்னை அதுக்கு மேல போட்டா ஒட்டவே ஒட்டாது. எந்தப் பாட்டு எதுலன்னு கண்டுபிடிக்க சுலபமான வழி, சொல்லிப் பாக்கிறது. 'தகதிமி தகதிமி'ன்னு சொன்னா உக்காருதா? நாலு. 'தகிட தகிட'ன்னு சொன்னா உக்காருதா? அப்போ அது மூணோட கணக்கு. 6/8னா ரெண்டு தகிட சேர்ந்தது. தொடக்கத்துல ஆறு தட்டையும் கீழ்நோக்கியே அடிச்சு, ஒண்ணாவதுக்கும் நாலாவதுக்கும் மட்டும் அழுத்தம் கொடுங்க. பாட்டு தானா ஆட ஆரம்பிக்கும்.

ரெண்டு கணக்குக்கும் பயிற்சி வேணும்னா எங்க பக்கத்திலேயே ஒரு கதை இருக்கு. முத்துசாமி தீட்சிதர் (1775–1835) தன்னோட முதல் கீர்த்தனையைத் திருத்தணி மலைக்கோயில்லதான் பாடினார்னு சொல்லுவாங்க. முருகன் வாயில கற்கண்டு போட்டதா வர்ற கதை பாட்டு கிளாஸ் போனவங்களுக்குத் தெரியும். தீட்சிதர் குடும்பம் சென்னைக்குப் பக்கத்துல மணலியில இருந்த காலத்துல, செயின்ட் ஜார்ஜ் கோட்டையில கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்களோட பேண்டு வாத்தியம் கேக்கிற வாய்ப்பு அவங்களுக்குக் கிடைச்சது. அந்த மெட்டுகளைப் பிடிச்சு, அதுக்கு சமஸ்கிருதத்துல சாகித்தியம் எழுதினார் தீட்சிதர். அதுதான் நோட்டு சுரங்கள். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலின் கத்துக்கிட்டு, அதைக் கர்நாடக இசைக்குள்ள கொண்டுவந்த முன்னோடிகள்ல ஒருத்தர். 'கிட்டார் நம்ம வாத்தியம் இல்லையே'ன்னு வீட்டுல யாராவது சொன்னா, இந்தக் கதையைச் சொல்லுங்க.

கிட்டார்காரங்களுக்கு இதுல என்ன லாபம்? நோட்டு சுரங்கள் சங்கராபரணத்துல இருக்கு. சங்கராபரணத்தோட ஸ்வரங்கள்தான் மேற்கத்திய மேஜர் ஸ்கேல். ஸ்வரங்கள் நேரா, கமகம் இல்லாம போகும். அதனால சி, எஃப், ஜி மூணு கார்டை வச்சே பெரும்பாலும் சமாளிச்சிடலாம். 'சியாமளே மீனாக்ஷி' நாலோட கணக்கு, நர்சரியில பாடின நட்சத்திரப் பாட்டோட மெட்டுக்கு ரொம்ப நெருக்கம். 'சந்ததம் பாஹிமாம்' மூணோட கணக்கு, இங்கிலாந்து தேசிய கீதத்தோட மெட்டு. முதல்ல மெட்டை ஒத்தைக் கம்பியில தேடி வாசிங்க. அப்புறம் கார்டு போடுங்க. மூணோட கணக்குக்கு 'தொம் சக் சக்': முதல் தட்டுக்கு தடிச்ச கம்பி ஒண்ணு, அடுத்த ரெண்டு தட்டுக்கு மெல்லிசான கம்பிகள். ரெண்டு பாட்டுலயும் வலது கை, இடது கை, காது மூணுக்கும் வேலை இருக்கு.

உங்க பாட்டு எத்தனை கட்டை?

'மூடுபனி' (1980) படத்துல யேசுதாஸ் பாடின கிட்டார் பாட்டும், 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்துல எஸ்.பி.பி. பாடின நிலா பாட்டும் இல்லாத ஹாஸ்டல் மாடி கிடையாது. ரெண்டும் இளையராஜா இசை. அந்தப் பாட்டுகளை ஒரிஜினல் சுருதியிலேயே வாசிச்சுட்டு, மேல் ஸ்தாயி வந்ததும் கழுத்து நரம்பு புடைக்க கத்துறோம். அந்தச் சுருதி அவங்க குரலுக்குப் பொருந்தினது. நம்ம குரலுக்கு எதுன்னு நாமதான் கண்டுபிடிக்கணும்.

நம்ம ஊர்ல சுருதியைக் கட்டையில சொல்லுவோம். ஒரு கட்டைன்னா சி. ஒண்ணரை, சி ஷார்ப். ரெண்டு, டி. மூணு, ஈ. நாலு, எஃப். அஞ்சு, ஜி. ஆறு, ஏ. ஏழு, பி. பாட்டுக் கச்சேரியில ஆண்கள் பெரும்பாலும் ஒண்ணுல இருந்து ரெண்டு கட்டைக்குள்ள, பெண்கள் அஞ்சுல இருந்து ஆறு கட்டைக்குள்ள பாடுறதைப் பாக்கலாம். சினிமாப் பாட்டுக்கு இது அப்படியே பொருந்தாது. ஆனா எல்லாருக்கும் ஒரே சுருதி கிடையாதுங்கிறதைப் புரிஞ்சுக்க உதவும்.

கண்டுபிடிக்கிற வழி: பாட்டுல ரொம்ப மேலே போற இடம் எது, ரொம்பக் கீழே இறங்குற இடம் எது, ரெண்டையும் குறிச்சுக்கோங்க. மேல் இடத்தைக் கத்தாம, கீழ் இடத்தைக் காத்தா விடாம பாட முடியுற சுருதி வரைக்கும் ஒவ்வொரு அரை ஸ்வரமா இறக்கிப் பாருங்க. கிட்டார்ல ஒரு ஃப்ரெட்னா அரை ஸ்வரம்.

இங்கதான் கேப்போ உதவும். உதாரணமா, பாட்டு டி மேஜர்ல இருக்கு. உங்களுக்கு நாலு அரை ஸ்வரம் இறக்கினா சௌகரியம். டியிலிருந்து நாலு இறங்கினா ஏ ஷார்ப், அதாவது ஆறரைக் கட்டை. அந்தச் சுருதிக்கு நேரடி கார்டு பிடிக்கணும்னா பார் கார்டா வரும், விரல் செத்துடும். அதுக்குப் பதிலா கேப்போவை மூணாவது ஃப்ரெட்ல மாட்டி, ஜி மேஜர் பாட்டு மாதிரி சுலபமான கார்டுகளையே பிடிங்க. ஜிக்கு மேல மூணு அரை ஸ்வரம் ஏறினா ஏ ஷார்ப். கணக்கு சரியா வந்துடுச்சா?

குரலுக்குத் தினம் பதினஞ்சு நிமிஷம் போதும். போன்ல தம்புரா ஆப்பைப் போட்டு, உங்க கட்டையை வச்சு, ச-ப-ச மூணையும் நீளமா பிடிச்சுப் பாடுங்க. அப்புறம் சரளி வரிசை. 'நான் சினிமாப் பாட்டுதானே பாடப்போறேன், சரளி வரிசை எதுக்கு?'ன்னு நானும் கேட்டேன். கிட்டார் நிக்காம ஒலிக்கிற வாத்தியம் இல்ல. அடிச்ச உடனே தேய ஆரம்பிச்சுடும். அதோட பாடும்போது சுருதி நழுவினா உடனே தெரியாது. தம்புரா நிக்காம ஒலிக்கும், ஒரு நூல் விலகினாலும் காட்டிக் கொடுத்துடும். அதோட, பாட்டைத் தொடங்குறதுக்கு முன்னாடி கிட்டாரை ட்யூன் பண்ணுங்க, ஒவ்வொரு தடவையும். புதுக் கம்பி போட்ட வாரத்துல ரெண்டு பாட்டுக்கு ஒரு தடவை பண்ணினாலும் தப்பில்ல.

தொண்டை வலிச்சா நிறுத்துங்க. வலியோட பாடுறது பயிற்சி இல்ல. குரல் கம்மி ரெண்டு வாரத்துக்கு மேலயும் சரியாகலன்னா காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க.

அடிச்சுக்கிட்டே பாடுறது

தனியா அடிச்சா வருது, தனியா பாடினா வருது, சேர்த்தா ரெண்டும் கெட்டுப்போகுது. எல்லாருக்கும் நடக்கிறதுதான். மூளை ஒரு வேலையைத்தான் கவனிச்சுச் செய்யும், இன்னொண்ணு தானா ஓடணும். தானா ஓட வேண்டியது கை. அதனாலதான் முதல்ல கையைச் சொன்னேன்.

நாலு படியா ஏறுங்க. முதல் படி: கம்பியை மூடிக்கிட்டு பேட்டர்னை அடிச்சு, பாட்டு வரிகளைப் பாடாம பேச்சா மட்டும் சொல்லுங்க. எந்த எழுத்து எந்தத் தட்டுல விழுதுன்னு தெரியும். நிறைய பாட்டுல முதல் வார்த்தை முதல் தட்டுல ஆரம்பிக்காது, அரைத் தட்டு தள்ளியோ முன்னாடியோ எடுப்பு இருக்கும். தடுக்குற இடம் பெரும்பாலும் அதுதான். ரெண்டாவது படி: ஒவ்வொரு பாருக்கும் ஒரே ஒரு தடவை கார்டை அடிச்சுட்டுப் பாடுங்க. மூணாவது படி: ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு 'கீ'. நாலாவது படி: முழு பேட்டர்ன். எந்தப் படியில தடுக்கினாலும் ஒரு படி இறங்குங்க, வெக்கப்படாதீங்க.

ரூம், போன், தறி

இப்போ ரெக்கார்டிங். பிசிக்ஸ் நமக்குத் துணைக்கு வர்ற இடம் இது.

முதல் விஷயம் தூரம். திறந்த வெளியில, சத்தம் வர்ற இடத்துக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினா, நேரடிச் சத்தம் 6 டெசிபல் கூடும். ரூமுக்குள்ளயும் மைக் கிட்ட இருக்கிற வரைக்கும் கிட்டத்தட்ட இதேதான். 60 சென்டிமீட்டர்ல இருந்த போனை 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தா 12 டெசிபல். ஆனா கீழே ஓடுற தறிக்கும் போனுக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கு. அதாவது ஒரு ரூபா செலவில்லாம, பாட்டுக்கும் இரைச்சலுக்கும் நடுவுல 12 டெசிபல் இடைவெளி கிடைச்சாச்சு. விசைத்தறிக் கூடத்துக்குள்ள சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். அப்படிப்பட்ட இடத்துக்கு மேல உக்காந்து பாடுறவனுக்கு இந்தப் பன்னெண்டு பெரிய விஷயம்.

ரெண்டாவது, எங்க வைக்கிறது. கிட்டாருக்கு சவுண்ட் ஹோலுக்கு நேரா வைக்காதீங்க. உள்ளே இருக்கிற காத்து 100 ஹெர்ட்ஸ் சுத்துவட்டாரத்துல அதிர்ந்து 'பொம் பொம்'னு நிக்கும். பன்னெண்டாவது ஃப்ரெட்டுக்கு நேரா, 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி வையுங்க. குரலுக்கு ஒரு சாண் தூரம், வாய்க்கு நேரா இல்லாம கொஞ்சம் பக்கவாட்டுல. 'ப'வுல தொடங்குற வார்த்தையில வாயிலிருந்து வர்ற காத்து நேரா மைக்கில அடிச்சா 'டப்'புன்னு வெடிக்கும், பக்கவாட்டுல வச்சா தப்பிச்சுடும்.

மூணாவது, தறியோட அதிர்வு. தறிச் சத்தம் காத்து வழியா மட்டும் வரல. தரை, சுவர், டேபிள் வழியாவும் ஏறி வருது. போனை டேபிள் மேல வச்சதுதான் நான் பண்ண பெரிய தப்பு. நாலா மடிச்ச போர்வை மேல வச்சு அதே பாட்டை எடுத்தப்போ, அடியில இருந்த 'தொம் தொம்' பாதி குறைஞ்ச மாதிரி இருந்தது.

நாலாவது, எதிரொலி. சிமெண்ட் சுவர், கான்கிரீட் கூரை, காலி ரூம்னா பாட்டு பாத்ரூம்ல பாடின மாதிரி இருக்கும். துணி இதைக் குறைக்கும். எங்க வீட்டுல துணிக்கா பஞ்சம்? மடிச்ச புடவைக் கட்டுகளை முதுகுக்குப் பின்னாடி அடுக்கி, ரெண்டு பக்கமும் கனமான போர்வையைக் கொடியில தொங்கவிட்டேன். ஹாஸ்டல்ல மெத்தையை நிமித்தி வைங்க, துணி நிறைஞ்ச அலமாரியைத் திறந்து வச்சு அது முன்னாடி பாடுங்க. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க: துணி எதிரொலியைக் குறைக்கும், வெளிச் சத்தத்தை நிறுத்தாது. 5000 ஹெர்ட்ஸ் ஒலியோட அலைநீளம் 7 சென்டிமீட்டர்தான், போர்வை அதை விழுங்கிடும். 100 ஹெர்ட்ஸோட அலைநீளம் கிட்டத்தட்ட மூணரை மீட்டர், அதுக்குப் போர்வை இருக்கிறதே தெரியாது. வெளிச் சத்தத்தை நிறுத்தணும்னா கனமான சுவர்தான் வேணும். முட்டை அட்டையைச் சுவர்ல ஒட்டுற ஐடியாவை விட்டுடுங்க.

அஞ்சாவது, போனோட புத்திசாலித்தனம். சாதாரண வாய்ஸ் ரெக்கார்டர் பேச்சுக்காக செஞ்சது. சத்தம் குறைஞ்சா தானா ஏத்தும், கூடினா தானா இறக்கும். நான் பாடாத இடத்துல எல்லாம் தறி மட்டும் பெருசாகி வந்ததுக்கு இதுதான் காரணம். சில போன்கள் கிட்டாரோட நீண்ட ஒலியை ஃபேன் இரைச்சல்னு நினைச்சு அமுக்கவும் செய்யும். அந்தத் தானியங்கி வசதிகளை அணைக்க விடுற, வேவ் ஃபைலா சேமிக்கிற ஆப்பைப் பயன்படுத்துங்க. மீட்டர்ல உங்க உச்சச் சத்தம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் நடுவுல நிக்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டு அலை நறுக்கப்பட்டா, அதைப் பழையபடி சரிபண்ணவே முடியாது. சத்தம் குறைவா இருந்தா அப்புறம் ஏத்திக்கலாம்.

ஆறாவது, நேரம். எங்க வீட்டுல அமாவாசைக்குத் தறி ஓடாது. மாசாந்திரப் பராமரிப்புக்கு மின்தடைன்னு பேப்பர்ல வந்தா, ஊரே திட்டும், நான் மட்டும் கிட்டாரை ட்யூன் பண்ணுவேன். தறியும் நிக்கும், ஃபேனும் நிக்கும், போன்ல பேட்டரி இருக்கும். உங்க இடத்துலயும் அப்படி ஒரு நேரம் இருக்கும், மெஸ்ஸுக்கு எல்லாரும் போற நேரம் மாதிரி. கண்டுபிடிச்சு வைங்க.

ரெண்டு தடத்துல எடுங்க

பாட்டையும் கிட்டாரையும் ஒரே டேக்ல எடுக்கிறது அழகுதான். ஆனா ஒண்ணுல தப்பினா ரெண்டும் போச்சு. தனித்தனியா எடுக்க போன்ல பேண்ட்லேப், லேப்டாப்ல ஆடாசிட்டி ரெண்டும் இலவசம். முதல்ல மெட்ரோனோமை காதுல மட்டும் வச்சு கிட்டாரை எடுங்க, அடுத்து அதைக் கேட்டுக்கிட்டே குரலை எடுங்க.

இதுக்கு ப்ளூடூத் இயர்போன் வேணாம். அதுல ஒலி 100ல இருந்து 200 மில்லிசெகண்ட் வரைக்கும் தாமதமா வரலாம். 80 வேகத்துல ஒரு பீட் 750 மில்லிசெகண்ட், கால் பீட் 187. அதாவது கிட்டத்தட்ட கால் பீட் பிந்தி நீங்க பாடுவீங்க, அப்புறம் உங்க தாளம் சரியில்லன்னு உங்களையே திட்டிக்குவீங்க. நூறு ரூபா ஒயர் இயர்போன் இந்த வேலைக்கு மேல்.

மிக்ஸிங்குக்கு மூணே வேலை. கிட்டார்ல 80 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும், குரல்ல 100க்குக் கீழேயும் ஹை-பாஸ் ஃபில்டர் போட்டு வெட்டுங்க. குரல் இன்னும் கனமா இருந்தா 80லயே நிறுத்துங்க. கிட்டாரோட கீழ்க் கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான், அதனால பாட்டுக்கு நஷ்டமில்ல, தறியோட அடி அதிர்வு போயிடும். அடுத்து, வார்த்தை தெளிவா கேக்கிற வரைக்கும் கிட்டாரைக் குறைங்க. கடைசியா, ரிவெர்ப் 'இருக்கு'ன்னு தெரியிற அளவுக்கு ஏத்திட்டு, அதுல பாதியா குறைங்க. இரைச்சல் நீக்குற வசதி ஃபேன் மாதிரி ஒரே சீரான சத்தத்துக்குக் கொஞ்சம் உதவும். தறி மாதிரி அடிச்சு அடிச்சு வர்ற சத்தத்துக்கு அது சரிப்படாது, உங்க குரலும் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடும்.

காசு எங்க போகணும்?

வரிசை இது: புதுக் கம்பி, கேப்போ, ஒயர் இயர்போன், போனைப் பிடிக்க ஒரு ஸ்டாண்டு. இது நாலும் வாங்கி, ஆறு மாசம் தினம் வாசிச்சு, ரெக்கார்டிங்ல இரைச்சலும் தாளமும் சரியான பிறகும் மைக் குறையாத் தெரிஞ்சா, அப்போ மைக். சத்தமான வீடுன்னா, வாய்க்குக் கிட்ட வச்சுப் பாடுற டைனமிக் மைக்கைப் பாருங்க. கண்டென்சர் மைக் நல்ல ரூமுக்கு நல்லது, எங்க வீடு மாதிரி இடத்துல அது தெரு முழுக்கக் கேக்கும். பெரும்பாலான ஸ்டூடியோ கண்டென்சருக்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுக்கிற இன்டர்ஃபேஸும் தனியா வாங்கணும், அந்தச் செலவு விளம்பரத்துல சின்ன எழுத்துல இருக்கும்.

தார் சுத்தின காசுல நான் கம்பியும் கேப்போவும் வாங்கினேன். மிச்சம் பத்திரமா இருக்கு.

போன அமாவாசை அன்னிக்கு அதே பாட்டைத் திரும்ப எடுத்தேன். சுருதி நாலு அரை ஸ்வரம் கீழே, முதுகுக்குப் பின்னாடி புடவைக் கட்டு, போன் போர்வை மேல. அப்பாகிட்ட கொடுத்தேன். பழையபடி கண்ணை மூடி முழுசா கேட்டார்.

"ரெண்டாவது சரணத்துல கொஞ்சம் அவசரப்படுற"ன்னார்.

திரும்பப் போட்டுக் காலால தட்டிப் பாத்தேன். உண்மைதான். மெட்ரோனோம் திரும்ப 60ல இருக்கு.